கத்திரிக்குத் தப்பிய இலை

ஏழெட்டு இலைகளை நறுக்கிப் பைக்குள் போட்ட பிறகுதான் வாசல் காவலாளியின் வணக்கத்துக்கு அவர் பதில் சொல்வார். அதுவரை காவலாளி தூக்கிய கையோடு நிற்க வேண்டியதுதான். வேலிச் செடியில் ஒரு மஞ்சள் இலை, ரோஜாவில் ஓரம் கருகிய ஒன்று, குரோட்டன்ஸில் பூச்சி கடித்த ஒன்று என்று வாசலிலிருந்து சைக்கிள் நிறுத்தும் இடம் வரைக்கும் உள்ள முப்பது அடிக்குள் அவர் கண்ணுக்கு எதுவும் தப்பாது. "கண்டதும் கழிச்சிடணும்ங்க. நின்னு யோசிச்சா பாவம் பார்க்கத் தோணும்" என்பார்.

அலுவலகத்தில் தோட்டக்காரரான அவருக்குக் கத்திரி என்று பெயர். முகத்துக்கு நேரே 'கத்திரியண்ணே', முதுகுக்குப் பின்னால் வெறும் கத்திரி. இடுப்பு வாரில் ஒரு கயிறு, கயிற்றின் நுனியில் ஒரு கத்திரிக்கோல். ஐம்பத்து மூன்று வயதில் பாதிக்கு மேல் அந்தக் கயிற்றோடுதான் கழித்திருக்கிறார். பேசும்போது கை தானாக அதைத் தேடிப் போகும். எதிரே நிற்பவரின் சட்டையில் நூல் பிரிந்து தொங்கினால் கேட்காமலே வெட்டிவிடுவார். தட்டச்சு செய்யும் அம்மாள் புதுச் சால்வை போர்த்திக்கொண்டு வந்த அன்று, குஞ்சத்தைப் பிரிந்த நூல் என்று நினைத்து ஒரு பக்கம் முழுக்கச் சுத்தம் செய்து கொடுத்தார். அந்த அம்மாள் இன்றுவரை தோட்டத்துப் பக்கம் வருவதில்லை.

இந்த அலுவலகத்துக்கு இருப்பது ஒரே வேலை. ஊர்க் காற்று எப்படி இருக்கிறது என்று அளந்து சொல்ல வேண்டும். மூன்று மாடிக் கட்டடம். எதிரே ஆறு வண்டிகள் பக்கத்துப் பக்கத்தில் போகக்கூடிய சாலை. லாரியும் பஸ்ஸும் காரும் விளக்கு மாறும்வரை அங்கேதான் நின்று உறுமும். உள்ளே இருப்பவர்கள் காற்றைப் பற்றி எல்லாம் கரைத்துக் குடித்தவர்கள், ஆகவே ஜன்னலைத் திறப்பதில்லை. மொட்டை மாடியில் காற்றை அளக்கும் கருவி ஒன்று உண்டு. எட்டு மாதமாக அது மூச்சுவிடவில்லை. அதற்கு வேண்டிய பாகம் ஒன்று வந்துகொண்டே இருக்கிறது என்று கோப்பு சொல்கிறது. இதனால் யாருக்கும் தூக்கம் கெட்டதாகத் தெரியவில்லை. காற்றுக்காக அந்த அலுவலகத்துக்கு யாரும் பரிசு கொடுத்ததில்லை, தோட்டத்துக்காகத்தான் கொடுக்கிறார்கள்.

வருடத்துக்கு ஒரு முறை அலுவலகத் தோட்டங்களில் எது சிறந்தது என்று பார்க்க ஒரு குழு வரும். ஒன்பது வருடமாகக் கேடயம் இங்கேதான். ஒன்பதும் மேலதிகாரியின் நாற்காலிக்குப் பின்னால், அவர் தலையைச் சுற்றி மாட்டியிருக்கின்றன. இதில் பெரிய ரகசியம் ஒன்றும் இல்லை. குழு வரும் நாளில் தோட்டத்தில் புள்ளி விழுந்த இலை ஒன்றுகூட இருக்காது. செடிக்கு நோய் வராமல் இல்லை, வந்த நோயை வெளியாள் யாரும் பார்த்ததில்லை. "நம்ம தோட்டத்துல வியாதின்னு பேச்சே கிடையாதுங்க" என்று கத்திரி சொல்லும்போது, இடுப்பில் கத்திரிக்கோல் ஆடும்.

மூன்று மாதத்துக்கு முன்னால் தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு மேடம் வந்தார். செடி படித்தவர். மாடியில் கருவி செத்துக் கிடப்பதால் செடியை வைத்தே காற்றைப் பார்ப்போம் என்று பன்னிரண்டு தொட்டி பீன்ஸ் கொண்டுவந்து இறக்கினார். ஆறு தொட்டியில், காற்று சரியில்லை என்றால் உடனே முகத்தைச் சுளிக்கும் ரகம். மற்ற ஆறில், எது வந்தாலும் தாங்கிக்கொள்ளும் ரகம். அலுவலகத்தில் பெரும்பாலோர் இந்த இரண்டாவது ரகம்தான். முதல் ரகத்தில் மட்டும் புள்ளி வந்தால் காற்றில் ஓசோன் என்று பொருள். பதினைந்து நாளுக்கு ஒரு முறை வந்து புள்ளி விழுந்த இலைகளை எண்ணிக்கொண்டு போவார். அதனால் அவருக்கு இலை மேடம் என்று பெயர் வந்தது.

"அண்ணே, தண்ணி மட்டும் ஊத்துங்க. வேற எதுவும் செய்ய வேண்டாம். தொடவே வேண்டாம்."

"சரிங்க மேடம். ஓசோன்னா மேல ஓட்டை விழுந்திருக்குன்னு சொல்வாங்களே, அதுங்களா? அது நல்லதுன்னுல்ல கேள்விப்பட்டேன்?"

"அதேதான். மேல இருக்கிறவரைக்கும் நல்லது. வெயிலைத் தடுக்கும். கீழ நம்ம மூக்குக்கிட்ட இருந்தாத்தான் கெடுதல்."

கத்திரி மூன்றாவது மாடியை ஒரு தடவை அண்ணாந்து பார்த்தார். "எங்க மேலதிகாரி மாதிரின்னு சொல்லுங்க."

மேடம் சிரித்துவிட்டு பஸ் ஏறினார். கத்திரி சொன்ன சொல் தவறவில்லை. தண்ணீர் மட்டும்தான் ஊற்றினார். புள்ளி விழுந்த இலைகளை வெட்டினார் என்றால், அது தொடுவதில் சேர்த்தி இல்லை. பல் விளக்குவது சாப்பாட்டில் சேர்த்தியா என்ன? தினமும் காலையில் பன்னிரண்டு தொட்டியையும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்து, கீழ் இலைகளில் பழுப்பாக ஊசிமுனை அளவு புள்ளி தெரிந்தால் உடனே நறுக்கித் துணிப்பைக்குள் போட்டுக்கொள்வார். பீன்ஸ் இலை எருவுக்கு நல்லது என்பதால் மாலையில் அது வீட்டு எருக்குழிக்குப் போய்விடும்.

இலை மேடம் வந்து எண்ணினார். பூஜ்யம். மறுபடி வந்து எண்ணினார். பூஜ்யம். இப்படி ஆறு பூஜ்யம். மேலதிகாரிக்குக் கால் தரையில் பாவவில்லை. 'இங்கே காற்று நலம்' என்று பச்சை எழுத்தில் எழுதி வாசலில் ஒரு பலகை வைத்தார். அந்தப் பலகை மேலும் லாரிப் புகை படியும். அதைத் தினம் ஈரத்துணியால் துடைக்கும் பொறுப்பும் கத்திரிக்கே வந்து சேர்ந்தது.

இத்தனை கைராசிக்காரர் வீட்டில் இப்படி ஒரு மனைவி வாய்த்ததுதான் அவருக்குப் பெரிய மனக்குறை.

அவர் வீடு பஸ் கடைசியாக நிற்கும் இடத்தையும் தாண்டி இருக்கிறது. தொழிற்சாலை இல்லை, லாரி இல்லை, ஒரு நாளைக்குப் பத்து வண்டி போனால் அதிகம். "ஊர்ல இருக்கிறவன் புகையைக் குடிக்கிறான், நான் காத்தைக் குடிக்கிறேன்" என்று பெருமையடிப்பார். கொல்லையில் மனைவி மூன்று வரிசை பீன்ஸ் போட்டிருக்கிறாள். ஒரு காலத்தில் அக்கம்பக்கத்துப் பெண்கள் கூடையோடு வாசலில் நின்று காய் வாங்கிக்கொண்டு போவார்கள். மூன்று வருடமாக வெயில் ஏறினால் போதும், கீழ் இலைகள் புள்ளி புள்ளியாகிப் பழுத்து, பூ விடுகிற நேரத்திலேயே உதிர்ந்துவிடுகின்றன. காய் பாதிகூட வருவதில்லை. கூடைக்காரிகள் வருவதை நிறுத்திக்கொண்டார்கள்.

மாலையில் அவர் கொல்லைக்குப் போய் இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பதே ஒரு மருத்துவர் வந்து நிற்பது மாதிரி இருக்கும். முதல் வருடம் "தண்ணி பத்தல" என்றார். அவள் இரண்டு வேளை ஊற்றினாள். இரண்டாம் வருடம் "பூச்சி" என்றார். அவள் இலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள், ஒரு பூச்சியும் இல்லை. மூன்றாம் வருடம் அவருக்கு விஷயம் பிடிபட்டுவிட்டது. "உனக்குக் கைராசி இல்லம்மா. நானும் செடியோடதான் குடித்தனம் பண்றேன். என் தோட்டத்துல ஒரு புள்ளி உண்டா, கேட்டுப் பாரு" என்றார். மேலே பேச்சு எதற்கு என்று மணலும் இரண்டு மூட்டை சிமெண்டும் கொண்டுவந்து கொல்லையில் இறக்கினார். ஞாயிற்றுக்கிழமை பாத்தியைக் கொத்திப் போட்டுவிட்டு சிமெண்டுத் தளம் போடுவதாக ஏற்பாடு. துணி காயப்போட வசதியாக இருக்குமாம்.

அவள் அதிகம் பேசுகிற பெண் இல்லை. சனிக்கிழமை மாலை அவர் கொண்டுவந்த துணிப்பையை வாங்கி, வழக்கம்போல் எருக்குழிக்குக் கொண்டுபோகாமல், சமையலறைத் தரையில் பழைய செய்தித்தாளை விரித்துக் கொட்டினாள். பக்கத்தில் தன் பாத்தியிலிருந்து பறித்த இலைகளை இன்னொரு குவியலாக வைத்தாள். அதற்குள் அவர் கைகால் கழுவிக்கொண்டு வந்தார்.

"என்னங்க, இங்க கொஞ்சம் உக்காருங்க. இதுல எது உங்க ஆபீஸ் இலை, எது என் ராசியில்லாத இலைன்னு சொல்லுங்க."

அவர் உட்கார்ந்தார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். ஒரு இலையை எடுத்து விளக்கில் காட்டினார், திருப்பினார், முகர்ந்துகூடப் பார்த்தார். இரண்டிலும் மேல்புறம் மட்டும் பழுப்புப் புள்ளி. நரம்பு மட்டும் பச்சையாக இருந்தது. அடிப்புறம் துடைத்துவிட்ட மாதிரி சுத்தம். முப்பது வருட அனுபவம் சும்மா போகுமா? இடது பக்கக் குவியலைத் தட்டினார்.

"இது உன்னுது. பாரு, தண்ணி முகமே பார்க்காத இலை."

"அது இப்பதான் உங்க பையிலேர்ந்து கொட்டினது."

முப்பது வருடமாக வெட்டத்தான் இலையைப் பார்த்திருக்கிறாரே தவிர, வெட்டியதை ஒரு தடவை பார்க்கலாம் என்று அவருக்குத் தோன்றியதே இல்லை. அவள் இரண்டு குவியலிலிருந்தும் கொஞ்சம் எடுத்துத் தனித்தனியே காகிதத்தில் மடித்தாள்.

"உங்க மேடம்கிட்ட காட்டுங்க. என் கைதான் காரணம்னு அவங்க சொன்னா, சிமெண்டை நானே குழைச்சுத் தர்றேன். இல்லைன்னா அதையும் எழுதி வாங்கிட்டு வாங்க. மூணு வருஷமா வாய்ச்சொல்லு கேட்டுக் காது புளிச்சுப் போச்சு."

ஞாயிறு கழிந்தது. சிமெண்டு மூட்டைகள் இருந்த இடத்திலேயே இருந்தன. செவ்வாயன்று இலை மேடம் வந்து ஏழாவது முறையாக எண்ண உட்கார்ந்தார். பொட்டலங்கள் இரண்டும் கத்திரியின் சட்டைப் பைக்குள் இருந்தன. கொடுப்போமா, வேண்டாமா என்று அவர் காலை மாற்றி மாற்றி நின்றார்.

"ஒரு புள்ளிகூட இல்லையே அண்ணே. ஆனா இந்த ஆறு தொட்டி மட்டும் ஏன் இப்படி ஒல்லியா இருக்கு? கீழ் இலையெல்லாம் எங்க போச்சு?"

கத்திரி முதல் பொட்டலத்தை நீட்டினார். மேடம் பிரித்துப் பார்த்தார். பார்த்துக்கொண்டே பக்கத்தில் கவிழ்த்து வைத்திருந்த வாளியின் மேல் உட்கார்ந்துவிட்டார்.

"நீங்க வெட்டினீங்களா?"

"வெட்டலீங்க மேடம். சுத்தம் பண்ணேன்."

"மூணு மாசமா நான் எழுதி அனுப்பின பூஜ்யம் எல்லாம் உங்க பைக்குள்ளதான் இருந்திருக்கு, இல்ல?"

திட்டுவார் என்று கத்திரி எதிர்பார்த்தார். மேடம் திட்டவில்லை, சட்டைப் பையில் துருத்திக்கொண்டிருந்த இரண்டாவது பொட்டலத்தைக் கேட்டார். அது தன் வீட்டு இலை என்றும், அதில் தன் மனைவியின் கைராசி அடங்கியிருக்கிறது என்றும் கத்திரி விளக்கினார்.

"தண்ணி நல்லா ஊத்துவாங்களா?"

"ரெண்டு வேளை. நான்தான் ஊத்தச் சொன்னேன்."

"தண்ணி நிறைய கிடைக்கிற செடிதான் இலைத் துளையை நல்லாத் திறந்து வச்சிருக்கும். கெட்ட காத்தும் அந்த வழியாத்தான் உள்ள போகும். நீங்க ஊத்தச் சொல்லச் சொல்ல, அது கூடப் போயிருக்கும்."

"எங்க பக்கம் வண்டியே கிடையாதுங்களே?"

"வண்டி வேண்டியதில்லை. இந்த ரோட்டுல கிளம்புற புகை வெயில்ல காய்ஞ்சு காய்ஞ்சுதான் ஓசோன் ஆகுது. ஆகுற நேரத்துக்குள்ள காத்து அதைத் தள்ளிக்கிட்டு உங்க ஊருக்குக் கொண்டு போயிடும்."

"அப்ப நான் பஸ்ல போறப்ப கூடவே வருதுங்களா?"

"உங்களுக்கு முன்னாடியே போய் இறங்கிடுது."

கத்திரிக்கு வெட்கமாக இருந்தது. மூன்று வருடம் ஒருத்தியை வாய்க்கு வந்தபடி குறை சொல்லிவிட்டோம், அவள் ஒரு வார்த்தை திருப்பிச் சொல்லாமல் தண்ணீர் சுமந்திருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டார். அதை வெளியே காட்டிக்கொள்ளத் தெரியாமல் இடுப்புக் கயிற்றைத் திருகிக்கொண்டு நின்றார். எழுதித் தர முடியுமா என்று மட்டும் கேட்டார்.

"பொட்டலத்தைப் பார்த்து எழுத முடியாது அண்ணே. இந்தத் தொட்டியில, யார் கையும் படாம, புள்ளி வரணும். அதை நான் செடியிலயே பார்த்து எண்ணணும். பதினாலு நாள் சும்மா இருப்பீங்களா? வந்துடுச்சுன்னா உங்க வீட்டம்மா பேருக்கு நானே ஒரு கடிதம் எழுதித் தர்றேன். என்னோட பூஜ்யத்தையும் திருத்தி எழுதிடுவேன்."

பதினாலு நாள் என்பது பெரிய விஷயமில்லை. பதிமூன்றாவது நாள் கேடயக் குழு வருகிறது என்பதுதான் விஷயம்.

அன்று மாலை மனைவி கையை நீட்டினாள். அவர் கயிற்றை அவிழ்த்துக் கத்திரிக்கோலைக் கொடுத்தார். அவள் அதைப் பீரோவில் வைத்துப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டாள். மறுநாள் காலையில் வாசல் காவலாளிக்கு அவர் உடனே வணக்கம் சொன்னார். காவலாளி பயந்துபோய் உடம்புக்கு என்ன என்று விசாரித்தார்.

உடம்புக்கு ஒன்றுமில்லை, கைதான் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. கட்டைவிரலும் ஆட்காட்டி விரலும் வெறும் காற்றை வெட்டிக்கொண்டே இருந்தன. பீன்ஸ் தொட்டிகளைப் பார்க்காமல் இருப்பதற்காகக் கட்டடத்தை ஒரு முழுச் சுற்று சுற்றிக்கொண்டு குழாயடிக்குப் போனார். கைக்குட்டையால் இரண்டு விரலையும் சேர்த்துக் கட்டிப் பார்த்தார். விரலில் அடியா என்று மேலதிகாரியின் உதவியாளர் கேட்டதற்கு, "பழக்கத்துல அடிங்க" என்றார். மற்ற செடிகளில் மஞ்சள் இலையைக் கையால் கிள்ளலாம்தான். ஒரு இலையைக் கிள்ள ஆரம்பித்தால் கை எங்கே போய் நிற்கும் என்று அவருக்கே நம்பிக்கை இல்லாததால் தோட்டம் முழுவதையும் விட்டுவிட்டார்.

முதல் நான்கு நாள் மேகம். ஐந்தாம் நாளிலிருந்து நல்ல வெயில். எட்டாம் நாள் காலையில், மூன்றாவது தொட்டியில், கீழிருந்து இரண்டாவது இலையில், அது வந்தது. அவர் குத்துக்காலிட்டு உட்கார்ந்து வெகுநேரம் பார்த்தார். வாழ்நாளில் முதல் தடவையாக ஒரு புள்ளி மறுநாள் என்ன ஆகிறது என்று அவருக்குத் தெரிய வந்தது. ஒன்று பத்தாகி, பத்து நூறாகி, நரம்புக்கு நரம்பு நடுவே இருந்த பச்சை முழுக்கப் பழுப்பானது. பக்கத்திலேயே, எதையும் தாங்கும் ரகத்தின் இலைகள் ஒன்றும் நடக்காத மாதிரி பளபளத்தன.

வீட்டில் தினமும் ஒரே கேள்வி.

"வந்துடுச்சா?"

"வந்துடுச்சு. மூணாவது தொட்டியில. இன்னைக்கு நாலாவதுலயும்."

"பார்க்கக் கஷ்டமா இருக்கா?"

"இருக்கு."

"எனக்கும் இருந்துச்சு" என்று அவள் சாதத்தைப் போட்டுவிட்டு உள்ளே போனாள்.

பதிமூன்றாம் நாள். ஓசோன் விஷயத்தில் இலை மேடம் சொன்னது எவ்வளவு சரி என்று கத்திரிக்கு அன்றுதான் முழுமையாகப் புரிந்தது. வருடம் முழுவதும் மூன்றாவது மாடியில் இருந்த மேலதிகாரி, குழு வருவதற்கு அரை மணி முன்னால் கீழே இறங்கிவிட்டார். பளபளக்கும் காலணியோடு பாத்திகளுக்கு நடுவே வந்தவர், மஞ்சள் இலைகளைக் கண்டு முகம் சிவந்து, பீன்ஸ் தொட்டிகளுக்கு முன்னால் வந்ததும் ஒரேயடியாக நின்றுவிட்டார்.

"என்னய்யா இது? வியாதி மாதிரி இருக்கு?"

"வியாதி இல்லீங்க சார். காத்துங்க."

"காத்தா? வாசல்ல என்ன எழுதி வச்சிருக்கோம்? நம்ம காத்து நல்ல காத்துய்யா! பத்தாவது கேடயம், ஞாபகம் இருக்கா? கத்திரியை எடு, சீக்கிரம்."

"இல்லீங்க சார்."

"எங்க போச்சு?"

"வீட்டுல. பீரோவுல இருக்கு. சாவி என்கிட்ட இல்லீங்க."

வாசலில் குழுவின் கார் வந்து நிற்கும் சத்தம் கேட்டது. காவலாளி கதவைத் திறக்க ஓடினார். காற்றை அளக்கிற அலுவலகத்தின் தலைவர் கால்சட்டையை முழங்காலுக்கு மேல் இழுத்துவிட்டுக்கொண்டு, மூன்றாவது தொட்டிக்கு முன்னால் தானே குனிந்தார். அவருடைய கட்டைவிரலும் ஆட்காட்டி விரலும் சேர்ந்து, கீழிருந்து இரண்டாவது இலையை நோக்கி நீண்டன.

கத்திரி தொப்பென்று மண்ணில் உட்கார்ந்தார்.

"நாளைக்கு எண்ணணும் சார்" என்றார்.

சொல்லிவிட்டு, கைக்குட்டை கட்டிய வலது கையை அந்த இலைக்கு மேல் குடை மாதிரி கவிழ்த்து வைத்துக்கொண்டார். வாசலில் காலடிச் சத்தம் நெருங்கியபோதும் எடுக்கவில்லை.